கடலோர விடுமுறையும் அடுக்களையும்

மட்டக்குளியிலே, களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்துக்கு அண்மையில், காக்கைதீவு என்னும் கடற்கரை இருக்கின்றது. விடுமுறை நாள்களின் மாலையில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் அங்கே வந்து கூடுகின்றன. பிள்ளைகள் மணலில் ஓடி விளையாடுகின்றனர். ஆடவர் காற்று வாங்கியபடி ஊர்ப்பேச்சுப் பேசுகின்றனர். தாய்மார் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பொதிகளை அவிழ்த்து எல்லோருக்கும் பகிர்ந்து கொடுக்கின்றனர். இருள் சூழ்ந்ததும் அனைவரும் வீடு திரும்புகின்றனர். திரும்பியபின் மற்றவர்கள் களைப்பாறும் வேளையில், தாய் மட்டும் மணல் படிந்த பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு, இராச் சாப்பாட்டுக்காக அடுப்பை மூட்டுகின்றாள்.

கடற்கரைக்குச் செல்லும் குடும்பத்தில் எல்லோருக்கும் விடுமுறை கிடைக்கின்றதா? ஒரு மாலைப்பொழுதில் எழும் இவ்வினா, ஒரு வாரம் வெளியூரில் தங்கி, தாமே சமைத்து உண்ணும் விடுமுறையில் இன்னும் பெரிதாக எழுகின்றது. அத்தகைய விடுமுறை எவ்வாறு தோன்றியது, அது எவ்வாறு நடைபெறுகின்றது, அதன் செலவு உண்மையிலே யார் தலையில் விழுகின்றது என்பவற்றை அறிந்துகொள்வது நேயர்களுக்குப் பயன் தருவதாகும்.

மட்டக்குளி, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை முதலிய இடங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் இன்று இங்கிலாந்தில் இருக்கின்றனர். ஆடி மாதக் கடைசியில் அந்நாட்டுப் பாடசாலைகள் மூடப்பட்டதும், கடலோரத்துக்குச் சென்று சில நாள் தங்கி வருவது அங்குள்ளவர்களின் வழக்கம். ஊரிலிருந்து போயிருக்கும் பெற்றோரும் உடன் அழைத்துச் செல்லப்படுகின்றனர். அவ்வாறு சென்று தங்கத்தக்க இடங்களுள் ஒன்று இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பால் உள்ள வைற் தீவு.

வைற் தீவின் பரப்பு ஏறத்தாழ 380 சதுர கிலோமீற்றர். நமது நெடுந்தீவைப்போல ஏழு மடங்குக்கு மேற்பட்டது எனலாம். அதனைப் பெருநிலத்திலிருந்து பிரிப்பது சொலென்ற் என்னும் ஒடுங்கிய நீரிணை. இலண்டனிலிருந்து புகைவண்டியில் போட்ஸ்மவுத் துறைமுகத்தை அடைந்து, அங்கிருந்து படகேறினால் அரை மணி நேரத்துக்குள் றைட் என்னும் ஊரில் இறங்கலாம். றைட்டில் 1814 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட நீண்ட இறங்குதுறை கடலுக்குள் நீண்டு செல்கின்றது. அங்கிருந்து ஷாங்க்ளின் வரை செல்லும் சிறிய புகைவண்டிப் பாதையில், 1967 ஆம் ஆண்டு முதல் இலண்டன் நிலக்கீழ்ப் பாதைகளில் ஓடி ஓய்ந்த வண்டிகளே பயன்பட்டு வந்திருக்கின்றன.

இத்தீவுக்கும் இலங்கைக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவைப் பாடசாலைச் சரித்திரத்தில் படித்தவர்கள், அதில் ஒருவரான சார்ள்ஸ் ஹே கமரனின் பெயரை மறந்திருக்கமாட்டார்கள். அவருடைய மனைவியாகிய ஜூலியா மார்கரெற் கமரன், கவிஞர் தெனிசனின் அயலவராக வைற் தீவின் பிறெஷ்வோட்டரில் 1860 ஆம் ஆண்டளவில் குடியேறினார். அங்கே ஒளிப்படக் கலையைக் கற்று உலகப் புகழ் பெற்றார். 1875 ஆம் ஆண்டில் கணவருடன் இலங்கைக்கு வந்து, 1879 இல் மலைநாட்டிலே காலமானார். அவ்விருவரின் கல்லறைகளும் பொகவந்தலாவையில் உள்ள தேவாலயத்தில் இருக்கின்றன. ஒரு தீவின் கடற்கரையை விட்டு மற்றொரு தீவின் மலைச்சாரலுக்கு வந்தவர்கள் அவர்கள்.

இனி, வைற் தீவு விடுமுறைத் தலமான வரலாற்றைப் பார்ப்போம். மக்கள் முதலில் அங்கு விளையாட்டுக்காகச் செல்லவில்லை. உடல்நலம் நாடியே சென்றனர். 1829 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் கிளார்க் என்னும் மருத்துவர், தட்பவெப்ப நிலைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றி எழுதிய நூலில், அத்தீவின் தென்கரையைப் புகழ்ந்திருந்தார். நெஞ்சு நோயாளர் பலர் வென்ற்னர் என்னும் ஊரை நாடினர். விக்டோரியா மகாராணியார் ஒஸ்போர்ண் என்னும் மாளிகையை அங்கே அமைத்துக்கொண்டதும் தீவின் புகழ் இன்னும் ஓங்கியது. அம்மாளிகையிலேயே அவர் 1901 ஆம் ஆண்டில் உயிர் நீத்தார். 1864 இல் புகைவண்டிப் பாதை ஷாங்க்ளினை எட்டியது. செல்வந்தர் சென்ற இடத்துக்கு நடுத்தர வகுப்பினரும், அவர்களுக்குப் பின் தொழிலாளரும் செல்லத் தொடங்கினர்.

சிறிய வருமானமுள்ள குடும்பம் ஒரு வாரம் எங்கே தங்குவது? ஓட்டலுக்குச் செல்ல அவர்களிடம் பணமில்லை. இங்கிலாந்தின் கடலோர ஊர்களில் இதற்கு ஒரு வழி பிறந்தது. கைம்பெண்களும் குறைந்த வருவாயுள்ள குடும்பத் தலைவியரும் தம் வீட்டின் அறைகளை வாரக் கூலிக்கு விட்டனர். அறைக்கு மட்டுமே வாடகை. தங்க வந்த குடும்பம் காலையில் கடைக்குச் சென்று, தனக்கு வேண்டிய இறைச்சியையும் உருளைக்கிழங்கையும் பாணையும் தானே வாங்கி வந்து வீட்டுக்காரியிடம் ஒப்படைக்கும். அவள் அவற்றைச் சமைத்துப் பரிமாறுவாள். ஒரே வீட்டில் மூன்று நான்கு குடும்பங்கள் தங்கினால், ஒவ்வொரு குடும்பத்தின் வெண்ணெயையும் தேயிலையையும் வேறுவேறாக அடையாளமிட்டு வைத்து, ஒவ்வொன்றையும் வேறுவேறாகவே சமைப்பாள். மேசைமேல் வைக்கும் உப்பு, மிளகு, கடுகு ஆகியவற்றுக்குக்கூடத் தனிக் கட்டணம் வாங்கிய வீட்டுக்காரியரைப் பற்றி ஆங்கிலேயர் இன்றும் நகைச்சுவையாகப் பேசுவதுண்டு.

ஆயினும் நகைப்பதற்கு முன் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அந்த ஏற்பாட்டில் தங்க வந்த தாய்க்கு அடுப்படி வேலை இல்லை. அவளும் பிள்ளைகளோடு கடலில் கால் நனைத்தாள். அவளுக்குக் கிடைத்த ஓய்வை மற்றொரு பெண் தன் கைகளால் உழைத்துக் கொடுத்தாள். கடல் கண்ணுக்கெதிரே இருந்தும், கோடைப் பருவம் முழுவதும் கடற்கரைக்குச் செல்ல நேரமில்லாதவளாய், நல்ல அறைகளையெல்லாம் விருந்தினருக்குக் கொடுத்துவிட்டுத் தன் குடும்பத்தோடு பின்கட்டில் ஒடுங்கிக் கிடந்தாள் அவள். உப்புக்கு வாங்கிய சில்லறைக் காசு அவளுடைய குளிர்கால அடுப்புக்கு நிலக்கரியாயிற்று என்று நாம் கொள்ளலாம்.

காலம் மாறியது. 1936 ஆம் ஆண்டில் பில்லி பட்லின் என்பவர் ஸ்கெக்னெஸ் கடற்கரையில் விடுமுறை முகாம் ஒன்றைத் திறந்தார். மூன்று வேளைச் சாப்பாடும் பொழுதுபோக்கும் ஒரே கட்டணத்தில் கிடைத்தன. சமையலும் பிள்ளை காப்பும் தாயின் தலையில் விழாமை அம்முகாம்களின் கவர்ச்சிகளுள் ஒன்றாகும். 1938 ஆம் ஆண்டில் சம்பளத்துடன் கூடிய விடுமுறை பற்றிய சட்டம் பிரித்தானியாவில் நிறைவேறியதைத் தொடர்ந்து, ஆண்டுக்கொருமுறை விடுமுறையில் செல்லக்கூடியவர்களின் தொகை பெருகியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மோட்டார் வண்டிகளும் பெருகின. பிறர் வீட்டு மணியோசைக்கு எழுந்து உண்பதைவிட, தமக்கெனக் கதவும் திறப்பும் உள்ள ஒரு தொடர்மாடி வீட்டை எடுத்துத் தங்குவதைப் பலர் விரும்பினர். இவ்வாறு வீட்டுக்காரி மறைந்தாள். அவள் செய்த சமையல் மறையவில்லை. அது தங்க வந்த குடும்பத்தின் கைக்கு மாறியது.

இன்று இத்தகைய வீடுகள் பெரும்பாலும் வாரக் கணக்கில் வாடகைக்கு விடப்படுகின்றன. குறித்த நாளில் நண்பகலுக்குப் பின் திறப்பைப் பெற்றுக்கொண்டு, வாரம் முடிந்ததும் காலையிலேயே வீட்டைத் துப்புரவாக்கி ஒப்படைத்துவிடுதல் வேண்டும். அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, பாத்திரங்கள், கோப்பைகள் எல்லாம் இருக்கும். முன்னாளில் சுவரிலே பொருத்திய மானிக்குள் சில்லிங் நாணயத்தை இட்டாலே மின்சாரமும் எரிவாயுவும் கிடைத்தன. இக்காலத்தில் அவை பொதுவாக வாடகையிலேயே அடங்கிவிடுகின்றன. தேங்காய் துருவும் திருவலையும் இடியப்ப உரலும் அங்கே கிடையா என்பதை நமது தாய்மார் முன்கூட்டியே அறிந்திருத்தல் நன்று. மற்றொன்றும் உண்டு. கூரையில் புகையறியும் கருவி இருக்கும். சாளரத்தைத் திறவாமல் செத்தல் மிளகாயை வறுத்தால், அது கட்டடம் முழுவதும் கேட்கும்படி அலறத் தொடங்கிவிடும்.

கடலோரத்தில் தங்கித் தாமே சமைத்து உண்பது நமக்குப் புதியதா? அன்று. இலங்கைத் தமிழரிடையே இதற்கு மூன்று வடிவங்கள் நெடுங்காலமாக உண்டு.

முதலாவது, மடம். யாழ்ப்பாணத்தின் வடகரையில் உள்ள கீரிமலையிலே, கடலை அடுத்தே நன்னீர்க் கேணி அமைந்திருக்கின்றது. ஆடி அமாவாசைக்கும் பிதிர்க்கடனுக்கும் அங்கு வந்தோர், அரிசியும் காய்கறியும் கொண்டுவந்து, மடங்களில் தங்கிச் சமைத்து உண்டு, நகுலேசுவரரை வழிபட்டுச் சென்றனர். காங்கேசன்துறைக்குப் புகைவண்டிப் பாதை 1905 ஆம் ஆண்டில் அமைந்தபின், கொழும்பிலிருந்தும் அடியார்கள் எளிதிற் சென்றனர். 1990 ஆம் ஆண்டில் போரினால் அப்பாதை தடைப்பட்டது. அவ்வூர் மக்களும் இடம்பெயர்ந்தனர். 2015 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புகைவண்டி மறுபடியும் காங்கேசன்துறையைச் சென்றடைந்தது.

இரண்டாவது, வாடி. தென்மேற்குப் பருவக்காற்று வீசுங்காலத்தில் மேற்குக் கரையின் கடல் கொந்தளிக்கும். அப்போது நீர்கொழும்பு, சிலாபம் பகுதிகளின் மீனவர் கிழக்குக் கரைக்குச் சென்று, ஓலையால் வேய்ந்த வாடிகளில் மாதக் கணக்காகத் தங்குவது பழைய வழக்கம். குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியே சென்ற தொழிலாளரின் வாடிகளில் ஆடவரே அரிசி களைந்து, மீன் கழுவி, கறி சமைத்து உண்டனர். இது விடுமுறை அன்று, தொழில். ஆயினும் பின்னர் நாம் சொல்லப்போகும் கருத்துக்கு இது சான்றாகும்.

மூன்றாவது, ஆங்கிலேயர் ஆட்சியில் தோன்றிய தங்குமிடங்கள். பயணிகளுக்குச் சமைத்த உணவு கிடைக்கும் இடத்தை வாடிவீடு என்கின்றோம். அதனின் வேறானது, அரசாங்கப் பகுதிகளின் உத்தியோகத்தர் சுற்றுப்பயணம் செல்லும்போது தங்குவதற்கென அமைந்த விடுதி. அதனை மக்கள் சேர்கிட் பங்களா என்றே வழங்குகின்றனர். உத்தியோகத்தர் தங்காத நாள்களில் அது விடுமுறைக் குடும்பங்களுக்கும் கொடுக்கப்படும். உரிய அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கட்டணம் செலுத்தி, அனுமதிக் கடிதம் பெற்றுக்கொண்டு செல்லுதல் வேண்டும். அரிசி, பருப்பு, தேங்காய், தூள் முதலிய யாவற்றையும் குடும்பமே எடுத்துச் செல்லும். அங்குள்ள காவற்காரரோ சமையற்காரரோ அவற்றை வாங்கிச் சமைத்துக் கொடுப்பார். இங்கிலாந்தின் பழைய வீட்டுக்காரியின் முறைமை இங்கே பெரும்பாலும் ஓர் ஆடவரின் கையில் இருப்பதைக் காணலாம். சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் ஊரெல்லாம் குடும்பத்தோடு மகிழ்ந்திருக்கும்போது, தன் குடும்பத்தை விட்டுப் பிறர் குடும்பத்துக்குச் சமைத்துக் கொடுப்பவர் அவர். புறப்படும் நாளில் அவர் கையில் வைக்கும் பணத்தைத் தருமம் என்று கொள்ளுதல் தவறு. அது கூலியின் ஒரு பகுதி.

இவ்வளவையும் ஒருங்கு நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். விடுமுறையில் சமையற் செலவு குறைந்தது என்று கணக்கு எழுதும்போது, அச்செலவு இல்லாமற் போய்விடவில்லை. யாரோ ஒருவருடைய உழைப்பாக அது மாறியிருக்கின்றது. பழைய முறையில் அதனை வீட்டுக்காரி ஏற்றாள். சேர்கிட் பங்களாவில் சமையற்காரர் ஏற்கின்றார். தாமே சமைக்கும் தொடர்மாடி வீட்டில், வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், தாயே ஏற்கின்றாள்.

மட்டக்குளியில் ஆறு பேர் கொண்ட ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அது திருகோணமலைக் கரையில் ஒரு வீடெடுத்து ஏழு நாள் தங்குகின்றது. நாளொன்றுக்கு மூன்று வேளை. ஆறு பேருக்கு ஏழு நாளில் 126 சாப்பாடு. 126 முறை தட்டில் இடவேண்டும். 126 தட்டுக் கழுவவேண்டும். தேநீர்க் கோப்பைகளும் சட்டி பானைகளும் இதற்குப் புறம்பானவை. வீட்டிலே பழகிய அடுப்பும், கைக்கெட்டும் தூரத்தில் கடையும், உதவிக்கு அயலவரும் உண்டு. புதிய இடத்தில் அவை ஒன்றுமில்லை. ஆகவே வீட்டிலிருப்பதைவிடக் கூடிய வேலையை அவள் விடுமுறையிலே செய்கின்றாள். குடும்பத்தார் திரும்பி வந்து, கடல் எவ்வளவு அழகாக இருந்தது என்று பேசும்போது, அவளால் அந்தப் பேச்சிற் கலந்துகொள்ள முடிவதில்லை. அவள் கடலைச் சாளரத்தினூடாகவே கண்டாள்.

இலங்கையில் 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம், கடையிலும் அலுவலகத்திலும் வேலை செய்வோருக்கு ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்துடன் விடுமுறை பெறும் உரிமையை அளித்தது. அடுக்களையில் வேலை செய்பவளுக்கு எந்தச் சட்டமும் விடுமுறை அளிக்கவில்லை. அதனை அளிக்கவேண்டியது குடும்பமே.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை, முன்னேற்பாடு வேண்டும். புறப்படுமுன் ஏழு நாள் உணவையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளலாம். நாளுக்கு ஒருவேளை மட்டும் சமைப்பது என்று வைத்துக்கொண்டால் பாதிக்கு மேற்பட்ட வேலை குறைந்துவிடும். காலையில் பாணும் வாழைப்பழமும் போதும். இரவில் கடை இடியப்பமோ, இங்கிலாந்தாயின் பொரித்த மீனும் கிழங்குமோ வாங்கலாம். சாம்பாரும் மூன்று கறியும் வீட்டில் உண்ணலாம். அவற்றை உண்பதற்காக யாரும் நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை.

அடுத்து, வேலையைப் பெயர் சொல்லிப் பிரித்தல். 'எல்லோரும் உதவுங்கள்' என்று பொதுவாகக் கூறினால் எவரும் எழுந்திருப்பதில்லை. திங்கட்கிழமை தட்டுக் கழுவுவது மூத்த மகன், செவ்வாய்க்கிழமை சமைப்பது தகப்பனார் என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால், வேலைக்கு ஆள் கிடைத்துவிடும். ஆடவருக்குச் சமைக்கத் தெரியாது என்பது சாட்டாகாது. வாடியிலே மாதக்கணக்காகத் தாமே சமைத்து உண்ட மீனவரும், கோயில் மடங்களில் அன்னதானத்துக்குப் பெரிய கிடாரங்களை இறக்கி வைப்போரும் ஆடவரே அல்லரோ?

பருவத்தை அறிந்து இடத்தைத் தெரிவதும் முன்னேற்பாட்டின் ஒரு பகுதியே. ஆவணி விடுமுறையில் கொழும்புக் கரையின் கடல் முரடாக இருக்கும்; திருகோணமலை, பாசிக்குடாப் பக்கம் அமைதியாக இருக்கும். மார்கழி விடுமுறையில் கிழக்கே மழையும் காற்றும் மிகும்; மேற்கிலும் தெற்கிலும் கடல் அடங்கும். ஆறு கடலில் விழும் முகத்துவாரங்களில், மேற்பரப்பு அமைதியாகத் தோன்றினாலும், அடியில் இழுவை இருக்கக்கூடும். களனி முகத்துவாரத்தில் வாழும் மட்டக்குளி மக்களுக்கு இதனை எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் வெளியூர் சென்றால் அவ்வூர் மீனவரைக் கேட்டபின்னரே நீரில் இறங்குதல் வேண்டும். வைற் தீவில், காவலர் உள்ள கடற்கரைகளில் சிவப்பும் மஞ்சளுமான கொடிகள் நாட்டப்பட்டிருக்கும். அவற்றுக்கு இடையிலேயே நீராடலாம். அங்கு ஆவணியிலும் கடல் நீர் நமக்குக் குளிராகவே இருக்கும் என்பதையும் நினைவில் வைத்தல் வேண்டும்.

வெளியூர் செல்ல வசதியில்லாத குடும்பங்கள் மட்டக்குளியில் நிறைய உண்டு. அவர்களும் இச்செய்தியைத் தமக்குரியதன்று என்று தள்ளிவிடவேண்டியதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காக்கைதீவுக்குச் செல்லும்போது, உணவுப் பொதியைப் பிள்ளைகள் கட்டட்டும். கணவர் பகிர்ந்து கொடுக்கட்டும். வீடு திரும்பியதும் பாத்திரத்தை மகன் கழுவட்டும். அன்றைய மாலையில் தாய் மணலில் அமர்ந்து, சூரியன் கடலுக்குள் இறங்குவதை இறுதிவரை பார்த்திருந்தால், அக்குடும்பம் முழுவதும் விடுமுறைக்குச் சென்று வந்தது எனலாம்.